அக்குபஞ்சர், மாக்ஸா சிகிச்சை ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்குபஞ்சர் வேலை செய்யுமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு? சும்மா இருப்பதோடா, மாத்திரையோடா, பொய்யாகக் குத்துவதோடா? இந்த மூன்றுக்கும் ஆய்வுகள் தரும் பதில் வேறு வேறு. கீழே உள்ள பதில்களில் பாதி, இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

அக்குபஞ்சர் தெரியும். மாக்ஸா என்றால் என்ன?

உலர்த்தி இடித்த மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி, அந்தச் சூட்டைத் தோலில் குறிப்பிட்ட புள்ளிகளுக்குக் காட்டுவது. செடி ஆர்ட்டிமிசியா இனத்தைச் சேர்ந்தது. நாம் தலையில் வைக்கும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான். சுருட்டு போல உருட்டித் தோலுக்குச் சற்று மேலே பிடிப்பார்கள். சிறு கூம்பாக்கித் தோல்மீதே வைப்பதும் உண்டு. ஊசியின் தலையில் செருகிக் கொளுத்துவதும் உண்டு. மாக்ஸா என்ற பெயர் ஜப்பானியச் சொல்லான மொகுசாவிலிருந்து வந்தது. சீன மொழியில் இந்த வைத்தியத்தின் பெயரே ஊசி, சூடு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்ததுதான். ஊசி மட்டும் தனியாகப் பிரிந்து உலகம் சுற்றியது பிற்காலக் கதை.

இன்னொன்று. சீனாவின் மவாங்துய் கல்லறையிலிருந்து 1973ல் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. கல்லறை கி.மு. 168ல் மூடப்பட்டது. உடலில் ஓடும் பாதைகளைப் பற்றி அவற்றில் இருக்கிறது, சூடு வைப்பது இருக்கிறது, ஊசி குத்துவது மட்டும் இல்லை. ஏட்டில் பார்த்தால் சூடுதான் மூத்தது.

ஊசியை மட்டும் குத்தி, மயக்க மருந்தே இல்லாமல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு அறுவை சிகிச்சை செய்தார்களாமே?

இல்லை. ஆனால் இந்தக் கதைக்குச் சாவே கிடையாது. நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. வழக்கமான மரத்துப்போகும் ஊசி மருந்து போட்டுத்தான் குடல்வாலை எடுத்தார்கள். அறுவை முடிந்த பிறகு வயிற்றில் வாயு இறுகி அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள், வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திக் காட்டினார்கள். அவரே தன் கட்டுரையில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். படித்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்கள் அதிகம், அதனால் கதை மாறிவிட்டது. மேற்கு நாடுகளில் அக்குபஞ்சர் ஆய்வுகளுக்குப் பணமும் ஆர்வமும் வந்தது அதற்கப்புறம்தான்.

மாத்திரையைச் சோதிப்பது போல இதையும் சோதித்துவிட்டுப் போகலாமே?

இங்கேதான் சிக்கல். மருந்து ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு அதே நிறம், அதே அளவில் மாவு மாத்திரை கொடுப்பார்கள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. ஊசிக்கு மாவு மாத்திரை எது? குத்தினால் குத்தியது தெரியும், குத்தாவிட்டால் குத்தாதது தெரியும்.

இதற்குச் சிலர் சாமர்த்தியமாக வழி கண்டார்கள். 1998ல் ஜெர்மனியில் கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு போலி ஊசியை அறிமுகப்படுத்தினார். நாடக மேடையில் குத்துகிற கத்தி பிடிக்குள் போய்விடும் அல்லவா, அதே தந்திரம். முனை மழுங்கிய ஊசி தோலைத் தொடும், அழுத்தினால் கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும். பார்ப்பவருக்கு உள்ளே இறங்கியது போலத் தோன்றும். அமெரிக்காவில் 2009ல் வெளிவந்த முதுகுவலி ஆய்வு ஒன்றில் இவ்வளவுகூட மெனக்கெடவில்லை. ஊசி போடும் குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்துத் தோலில் அழுத்தி எடுத்தார்கள். வேறு சில ஆய்வுகளில் உண்மையான ஊசிதான், ஆனால் அக்குபஞ்சர் புள்ளி இல்லாத இடத்தில், மேலோட்டமாக.

ஒரு ஓட்டை மட்டும் அடைபடவே இல்லை. நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம், குத்துகிறவருக்கு எப்படி மறைப்பது? அவர் முகத்திலும் பேச்சிலும் அது கசியத்தான் செய்யும். மாக்ஸாவில் நிலைமை இன்னும் மோசம். சூடு உறைக்கும், புகை வரும், வாசனை அறையெங்கும் நிற்கும். அடியில் சூடு இறங்காத தடுப்பு வைத்த போலிக் கூம்புகள் உண்டு; ஆனால் ஒரு தரம் உண்மையான சூட்டை அனுபவித்தவரை அவற்றால் ஏமாற்றுவது கடினம்.

சரி, போலி ஊசியோடு வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது?

பெரிய அதிர்ச்சி ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே மருத்துவக் காப்பீட்டில் அக்குபஞ்சருக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்காக 2000க்குப் பிறகு பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கான ஆய்வில் 1,162 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலிக் குழுவில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்.

மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. ஆனால் குத்திய இரண்டு குழுவும் வழக்கமான சிகிச்சையை எளிதாக முந்திவிட்டன. 302 பேரை வைத்து நடந்த ஒற்றைத் தலைவலி ஆய்விலும் இதே கதைதான். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் ஊசிக் குழுவில் 51 சதவீதம், போலிக் குழுவில் 53, காத்திருப்புப் பட்டியலில் 15.

அக்குபஞ்சர் நிபுணர் ஒருவர் இதைப் படித்தால் 51, 15 என்ற எண்களைப் பிடித்துக்கொள்வார். சந்தேகப்படுகிறவர் 51, 53 என்பதைப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஜெர்மனி கடைசியில் என்ன செய்தது? 2006ல் முடிவெடுத்து, முதுகுவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் காப்பீடு கொடுத்தது, தலைவலிக்குக் கொடுக்கவில்லை. முதுகுவலியில் வழக்கமான சிகிச்சை அவ்வளவு பின்தங்கியதால் ஊசி ஜெயித்தது. தலைவலியில், மருந்துகளோடு ஒப்பிட்ட தனி ஆய்வில், அவையும் சமமாக வேலை செய்தன. ஒரே ஊசி, எதிராளி மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது.

இதில் ஒரு நெருடலையும் சொல்லிவிட வேண்டும். முதுகுவலி ஆய்வில் வழக்கமான சிகிச்சைக் குழுவில் விழுந்தவர்களுக்கு, தங்களுக்கு ஊசி கிடைக்கவில்லை என்பது நன்றாகவே தெரியும். ஏற்கெனவே பல வருடம் பார்த்துச் சலித்த அதே மாத்திரை, அதே பயிற்சி. அந்த ஏமாற்றமும் 27.4க்குள் ஒளிந்திருக்கலாம்.

அப்படியென்றால் எல்லாமே மனப்பிரமைதானா?

அவசரப்பட வேண்டாம். ஆண்ட்ரூ விக்கர்ஸ் தலைமையிலான குழு, தரமான 29 ஆய்வுகளில் கலந்துகொண்ட 17,922 நோயாளிகளின் தனித்தனித் தரவுகளை வாங்கி ஒன்றாகக் கணக்கிட்டு 2012ல் வெளியிட்டது. 2018ல் அதை 39 ஆய்வுகளாக விரித்தார்கள். முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி போன்ற நாள்பட்ட வலிகள்தான் பொருள். அவர்கள் கொடுத்த உதாரணம் எளிது. 100க்கு 60 என்ற அளவில் வலி இருப்பவர் ஊசியே போடாவிட்டால் 43க்கு இறங்கலாம்; போலி ஊசி போட்டால் 35; உண்மையான ஊசி போட்டால் 30.

போலிக்கும் உண்மைக்கும் நடுவே 5 புள்ளி. இருக்கிறது, ஆனால் சின்னது. ஒன்றும் செய்யாமலிருப்பதற்கும் ஊசிக்கும் நடுவே 13. இந்த 13ல் பெரும்பங்கு சிகிச்சைச் சூழலுக்குச் சேரும்: படுக்க வைத்து, தொட்டு, அரை மணி நேரம் ஒருவர் நம்மைக் கவனிப்பது. இந்த 5 எண்ணை வைத்துத்தான் சண்டை. குத்துகிறவருக்கு எது போலி என்று தெரியும் என்றேனே, அந்த ஓட்டை வழியாகவே இந்த 5 வந்திருக்கலாம் என்கிறார்கள் மறுப்பாளர்கள். என்னால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

சூழலுக்கு எவ்வளவு பலம் என்பதை டெட் கேப்சக் குழு 2008ல் அழகாகக் காட்டியது. எரிச்சல் குடல் நோய் உள்ள 262 பேர். யாருக்குமே உண்மையான ஊசி இல்லை. ஒரு குழு சும்மா காத்திருந்தது. இரண்டாவது குழுவுக்கு, அதிகம் பேசாமல் போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு அதே போலி ஊசியோடு, அன்பாக உட்கார்ந்து நோயைப் பற்றிக் கேட்டறிந்த பேச்சும் உண்டு. மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் என்று சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். இதை மனப்பிரமை என்று தள்ளிவிடுவதைவிட, மருத்துவர்கள் படித்து வெட்கப்பட வேண்டிய ஆய்வு என்றுதான் சொல்வேன்.

எந்தப் பிரச்சினைகளுக்கு ஆதாரம் ஓரளவு நன்றாக இருக்கிறது?

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல், வாந்திக்கு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளி. 1997ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே இதை ஒப்புக்கொண்டது. 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் போலியைவிட நன்றாகவே இருந்தது, வாந்தி மருந்துகளோடு ஒப்பிட்டால் சமமாக நின்றது. அழுத்தினாலும் போதும், குத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க. 2016ன் காக்ரேன் தொகுப்பில், தலைவலி பாதியாகக் குறைந்தவர்கள் ஊசிக் குழுவில் 50 சதவீதம், போலிக் குழுவில் 41. தினசரித் தடுப்பு மாத்திரைகளோடு வைத்துப் பார்த்தால் மூன்று மாத முடிவில் 57க்கு 46 என்று ஊசியே முந்தியது, பக்கவிளைவால் பாதியில் விட்டவர்களும் குறைவு. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர் முயன்று பார்க்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

முதுகுவலியில் வழிகாட்டிகளே ஊசலாடுகின்றன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009ல் பரிந்துரைத்தது, 2016ல் எடுத்துவிட்டது, 2021ல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கான வேறொரு வழிகாட்டியில் அக்குபஞ்சரைக் கருதலாம் என்றது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020லிருந்து நாள்பட்ட முதுகுவலிக்கு 90 நாளில் 12 முறை வரை பணம் தருகிறது. ஏறக்குறைய ஒரே ஆதாரக் குவியல், ஒப்பீடு மட்டும் வேறு.

குழந்தைப்பேறுக்கு உதவுமா?

இதைக் கேட்பவர்கள் பணத்தோடு நம்பிக்கையையும் கொட்டுகிறார்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். 2002ல் ஜெர்மனியில் 160 பெண்களை வைத்து ஓர் ஆய்வு. சோதனைக் குழாய் முறையில் கருவைக் கருப்பையில் வைக்கும் நாளில் ஊசி குத்தியவர்களில் 42.5 சதவீதம் கருத்தரித்தார்கள், குத்தாதவர்களில் 26.3. உலகமெங்கும் கருத்தரிப்பு மையங்கள் பக்கத்தில் அக்குபஞ்சர் பலகைகள் முளைத்தன. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி ஊசிகூட இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2018ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களை வைத்து, போலி ஊசியோடு ஒப்பிட்டு, கருத்தரிப்பதோடு நிற்காமல் குழந்தை உயிரோடு பிறப்பதையே எண்ணினார்கள். ஊசிக்கு 18.3 சதவீதம், போலிக்கு 17.8. சினைப்பை நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் சீனாவில் நடந்து 2017ல் வெளிவந்த ஆய்விலும் அக்குபஞ்சரால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை. கூட்டியது, சினைமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை. மனஅழுத்தம் குறைய ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றால் அது உங்கள் விருப்பம். கரு நிற்பதற்காக என்றால், வேண்டாம்.

கால் சுண்டுவிரலில் மாக்ஸா காட்டினால் வயிற்றுக் குழந்தை திரும்பிக்கொள்ளுமாமே?

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மாக்ஸா ஆய்வுகளிலேயே சுவையானது இதுதான். குழந்தையின் தலை கீழே வராமல் பிட்டம் கீழே இருந்தால், சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் தினமும் சூடு காட்டுவது பழைய வழக்கம். 1998ல் சீனாவின் ஜியாங்சியில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 260 பெண்களிடம், 33வது வாரத்தில் இதைச் சோதித்தார்கள். 35வது வாரத்தில் மாக்ஸா குழுவில் 75.4 சதவீதக் குழந்தைகள் திரும்பியிருந்தன. மற்றக் குழுவில் 47.7. அந்த 47.7ஐக் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாமலேயே ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தானாகத் திரும்பிவிட்டன. உங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்குப் பலித்தது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆய்வை நடத்தியவரே இத்தாலியில் அதைத் திரும்பச் செய்து பார்த்தார், 2005ல் முடிவு வந்தது. 34 சதவீதம், 36 சதவீதம், வித்தியாசமே இல்லை. ஆனால் அந்த ஆய்வு முழுமையாக நடக்கவும் இல்லை. புகை நாற்றம், குமட்டல், தொண்டைக் கரகரப்பு என்று பல பெண்கள் பாதியில் விட்டார்கள். 123 பேரோடு நிறுத்திவிட்டார்கள். பலிக்கவில்லையா, ஒழுங்காகச் செய்யவே இல்லையா? இரண்டையும் பிரிக்க வழியில்லை. 2009ல் சுவிட்சர்லாந்தில் 212 பெண்களிடம் செய்ததும் 18க்கு 16 என்று கைவிரித்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2023ன் காக்ரேன் தொகுப்பு, வழக்கமான கவனிப்போடு மாக்ஸாவும் சேர்ந்தால் பிறக்கும் நேரத்தில் தலை கீழே இருக்கும் வாய்ப்பு ஓரளவு கூடக்கூடும் என்கிறது. சிசேரியன் எண்ணிக்கை குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

சீனாவிலிருந்து வரும் ஆய்வுகள் எல்லாமே வெற்றி என்று சொல்கின்றனவே, நம்பலாமா?

இந்தச் சந்தேகம் பழையது. 1998ல் விக்கர்ஸ் குழுவே எண்ணிப் பார்த்தது. சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்த அக்குபஞ்சர் ஆய்வுகளில் ஒன்றுகூடத் தோல்வியைச் சொல்லவில்லை. எந்த வைத்தியமும் நூற்றுக்கு நூறு ஜெயிப்பதில்லை. தோற்றவை அச்சுக்குப் போகாமல் மேசைக்குள் கிடக்கின்றன என்றுதான் பொருள். ஆனால் அதே சீனாவிலிருந்துதான் மேலே சொன்ன 1,000 பெண்கள் ஆய்வு தோல்வியை ஒப்புக்கொண்டு வந்தது. 2017லேயே வெளிவந்த இன்னொரு சீன ஆய்வு, இருமினால் சிரித்தால் சிறுநீர் கசியும் 504 பெண்களிடம், மின்சாரம் செலுத்திய ஊசியைப் போலியோடு ஒப்பிட்டது. கசிவு 9.9 கிராம் குறைந்தது, போலியில் 2.6. நாட்டைப் பார்த்து முடிவு செய்கிற காலம் போய்விட்டது. எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊசி குத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பாதைகள், அவற்றில் ஓடும் சீ என்ற ஆற்றல், 361 புள்ளிகள் என்பது மரபு சொல்லும் விளக்கம். உடலை அறுத்துப் பார்த்து யாரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. உடலே சுரக்கும் வலிநீக்கிகள் இதில் வேலை செய்வதாக 1970களிலேயே சொன்னார்கள். 2010ல் எலிகளில், குத்தித் திருகிய இடத்தில் அடினோசின் என்ற பொருள் பெருகி வலியை மட்டுப்படுத்துவதைக் காட்டினார்கள். 2021ல், மறுபடியும் எலிகளில்தான், பின்னங்காலில் மின்ஊசி வைத்தால் அழற்சி குறைகிறது, வயிற்றில் வைத்தால் குறைவதில்லை என்றும், அந்த இடத்தில் ஓடும் குறிப்பிட்ட வகை நரம்பிழைகளே காரணம் என்றும் கண்டார்கள். இடம் முக்கியம்தான் என்கிறது எலி, பெரிதாக இல்லை என்கிறது ஜெர்மானிய முதுகு. எலியிடம் போலி ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனமே அங்கீகரித்துவிட்டது என்று விளம்பரம் செய்கிறார்களே?

அவர்கள் சொல்வது 2003ல் வந்த அறிக்கையை. பயன் நிரூபணமானது என்று அதில் 28 பிரச்சினைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். தரம் குறைந்த ஆய்வுகளையும் வடிகட்டாமல் சேர்த்துவிட்டார்கள் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. 2010ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது மரபுக்குக் கொடுத்த மரியாதை. நோய் தீரும் என்ற சான்றிதழ் ஆகாது.

ஆபத்து உண்டா?

குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஜெர்மனியில் மருத்துவர்களிடம் ஊசி போட்டுக்கொண்ட 2,29,230 பேரைப் பின்தொடர்ந்து 2009ல் வெளியிட்டார்கள். 8.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும்பாலும் இரத்தக் கசிவு, கன்றிப்போதல். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிந்தது இரண்டு பேருக்கு. இவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஊசியா என்று கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாக்ஸாவில் தீக்காயம்தான் முக்கியக் கவலை. நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு உறைக்காது, காயம் ஆன பிறகே தெரியவரும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புகை ஆகாது.

ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று. அதற்கு அப்புறம், எத்தனை பேர் என்று. ஊசியின் ஆழம், எத்தனை ஊசி, எத்தனை முறை, குத்தியவரின் பயிற்சி ஆகியவற்றை எழுதியே ஆக வேண்டும் என்று ஸ்ட்ரிக்டா என்ற விதிப்பட்டியல் 2001லிருந்து இருக்கிறது. மாக்ஸாவுக்கும் 2013ல் ஒன்று வந்தது. அவை இல்லாமல் மொட்டையாக 'அக்குபஞ்சர் கொடுத்தோம்' என்று இருந்தால் மூடி வைத்துவிடலாம். 'மொத்தப் பலன் விகிதம் 95 சதவீதம்' என்று கண்ணில் பட்டால் உஷாராகுங்கள். முழுதாகக் குணமானவர், நிறையக் குறைந்தவர், கொஞ்சம் பரவாயில்லை என்றவர் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிய கணக்கு அது.

என்னை ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

சேரலாம். போலிக் குழுவில் விழுந்தால் ஆய்வு முடிந்த பிறகு உண்மையான சிகிச்சை கொடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள், பல ஆய்வுகளில் கொடுப்பதுண்டு. இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா, தொந்தரவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா, இந்த மூன்றும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். நடக்கும்போது ஊசி உண்மையா போலியா என்று குத்துகிறவரின் முகத்தைப் படிக்க ஆசை வரும். முடிவில் உங்களிடமே கேட்பார்கள், எது என்று நினைக்கிறீர்கள் என்று. தோன்றியதை அப்படியே சொல்லுங்கள். மறைப்பு எவ்வளவு தூரம் நின்றது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.